நெல்மணிக் கணக்கை அங்கேயே விட்டுவிடாதீர்கள்

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரிய நண்பர்களுக்கு,

பெருக்குத்தொடர் வரிசையின் கூடுதல் பாடம் வரும்போது நாம் எல்லோரும் ஒரு கதை சொல்வோம். சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவனிடம் என்ன பரிசு வேண்டும் என்று அரசன் கேட்கிறான். முதல் கட்டத்துக்கு ஒரு நெல்மணி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு, இப்படி அறுபத்து நான்கு கட்டத்துக்கும் இரட்டித்துக் கொடுத்தால் போதும் என்கிறான் அவன். அரசன் சிரிக்கிறான். களஞ்சியம் காலியாகிறது. பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள். நாம் கரும்பலகையில் 2⁶⁴ − 1 என்று எழுதி, சுற்றி ஒரு கட்டம் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம்.

நானும் இருபது வருடம் அப்படித்தான் போனேன். ஒரு வருடம் இரண்டாம் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், அந்த நம்பர் முழுசா எவ்வளவு சார்?" என்று கேட்டாள். குறிப்பேட்டைப் பார்த்து எழுதினேன்:

1,84,46,74,40,73,70,95,51,615

இருபது இலக்கம். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "கடைசியில அஞ்சு இருக்கு, அப்ப அஞ்சால வகுபடும். வேற எதாலல்லாம் சார் வகுபடும்?" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அன்று இரவு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கும்போது மணி ஒன்றரை. பணி ஓய்வு பெறும்வரை அந்தப் பாடத்தை நான் அதன் பிறகு பழைய மாதிரி எடுக்கவே இல்லை. நீங்களும் அப்படி எடுக்க வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நெல்லின் அளவைச் சொல்லிப் பிள்ளைகளை அசத்துவது சுலபம். ஆயிரம் நெல்மணி 20 கிராம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 36,900 கோடி டன் வரும். இன்று உலகம் முழுவதும் ஒரு வருடத்தில் விளையும் நெல் கிட்டத்தட்ட 80 கோடி டன். ஆக, நானூற்று அறுபது வருட விளைச்சல். சரி, பெரிய எண்தான். ஆனால் பெரிதாக இருப்பது ஓர் எண்ணுக்குப் பெருமை இல்லை. அதைவிடப் பெரிய எண்ணை எந்தப் பிள்ளையும் ஒரு நொடியில் எழுதிவிடும். பெரிது, பெரிது என்று சொல்லி நிறுத்தும்போது, இது நம் கைக்கு அடங்காதது என்ற எண்ணத்தையும் சேர்த்தே விதைத்துவிடுகிறோம். அதுதான் எனக்கு வருத்தம். ஏனென்றால் இந்த எண் கைக்கு அடங்கும். எட்டாம் வகுப்பில் படித்த ஒரே ஒரு முற்றொருமைக்கு அடங்கும்.

ஏ ஸ்கொயர் மைனஸ் பி ஸ்கொயர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் சொல்வார்கள். 2⁶⁴ என்பது 2³² இன் வர்க்கம். ஒன்று என்பது ஒன்றின் வர்க்கம். ஆகவே 2⁶⁴ − 1 = (2³² + 1)(2³² − 1). இரண்டாவது அடைப்புக்குறிக்குள் இருப்பதும் அதே சாயல்தான், அதையும் பிரிக்கலாம். பிரித்தால் (2¹⁶ + 1)(2¹⁶ − 1). மறுபடியும், மறுபடியும். ஆறு முறை பிரித்ததும் கடைசியில் 2 − 1, அதாவது வெறும் ஒன்று மிஞ்சும். இப்போது கரும்பலகையில் இருப்பது இது:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

இருபது இலக்க எண் ஐந்து நிமிடத்தில் ஆறு துண்டாகிவிட்டது. என் வகுப்பில் இதை எழுதி முடித்ததும் ஒரு சத்தமும் இல்லை. பிறகு யாரோ கைதட்டினார்கள். நெல் கதைக்கு யாரும் கைதட்டியதில்லை.

இந்த எண்ணைக் கணக்கிட்டவர்களில் அல்பெருனியும் ஒருவர். கிட்டத்தட்ட கி.பி. 1000ஐ ஒட்டிய காலம். அவர் அறுபத்து நான்கு தடவை இரட்டித்துக் கூட்டிக்கொண்டிருக்கவில்லை. எந்தக் கட்டம்வரை கூட்டினாலும் அடுத்த கட்டத்தில் இருப்பதைவிட ஒன்று குறைவாகத்தான் வரும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே பலகையில் இல்லாத 65ஆம் கட்டத்தில் எத்தனை என்று தெரிந்தால் போதும். ஐந்தாம் கட்டத்தில் 16. அதைத் தன்னாலேயே பெருக்கினால் 256, அது ஒன்பதாம் கட்டம். அதன் வர்க்கம் 65536, பதினேழாம் கட்டம். அதன் வர்க்கம் 4294967296, முப்பத்து மூன்றாம் கட்டம். இன்னும் ஒரே ஒரு வர்க்கம், அதில் ஒன்றைக் கழித்தால் விடை.

இந்தப் படிகளையும் நாம் எழுதிய துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 16க்கு 17, 256க்கு 257, 65536க்கு 65537. அவர் ஏறிய ஒவ்வொரு படியிலும் ஒன்றைக் கூட்டினால் ஒரு காரணி. எனக்கு இது பிடிபட்ட இரவில்தான் மணி ஒன்றரை ஆனது.

அடுத்த கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள்: இந்த ஆறு துண்டும் பகா எண்களா? 3, 5, 17, 257 ஆகியவற்றை அவர்களே சோதித்துவிடலாம். 65537க்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். அதுவும் பகா எண்தான். பிரான்சில் நீதிமன்ற வேலை பார்த்துக்கொண்டே கணிதம் செய்த ஃபெர்மா, இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்கள்தாம் என்று தாம் நம்புவதாக 1640இல் கடிதங்களில் எழுதினார். நிறுவ முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். முதல் ஐந்தும் அவர் பக்கம். ஆறாவது 4294967297. கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம் அதை யாரும் உடைக்கவில்லை. 1729 டிசம்பரில் கோல்ட்பாக் என்பவர், ஃபெர்மாவின் இந்தக் கூற்று தெரியுமா என்று ஆய்லருக்கு எழுதினார். ஆய்லருக்கு அப்போது 22 வயது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த அவர் 1732இல் விடை சொன்னார்: 641ஆல் வகுபடும்.

இங்கே அவசரப்படாதீர்கள். இந்த இடத்துக்கு ஒரு முழு பீரியடையே கொடுக்கலாம்.

முதலில் பிள்ளைகளை நீள்வகுத்தல் செய்யச் சொல்லுங்கள். கால்குலேட்டர் வேண்டாம். 4294இல் 641 ஆறு தடவை போகும். 3846 போக மீதி 448. ஒன்பதை இறக்கினால் 4489. ஏழு தடவை, 4487 போக மீதி 2. ஆறை இறக்கினால் 26, போகாது, ஈவில் ஒரு சுழி. ஏழை இறக்கினால் 267, அதுவும் போகாது, இன்னொரு சுழி. பாதி வகுப்பு இந்த இரண்டு சுழியைத் தவறவிடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு 2672, நான்கு தடவை, மீதி 108. 1089; ஒரு தடவை, மீதி 448. இங்கே நிறுத்தி, "இந்த மீதியை முன்னாடி எங்கயாவது பாத்தமா?" என்று கேளுங்கள். முதல் அடியில் வந்த அதே 448. அப்போது பக்கத்தில் வந்து நின்றது ஒன்பது, இரண்டு மிஞ்சியது. இப்போது இறங்குவது கடைசி இலக்கமான ஏழு. 4487. ஏழு தடவை, மிச்சமே இல்லை. ஈவு 6700417.

பின்வரிசையில் வகுத்தலே வராது என்று நாம் முடிவு கட்டி வைத்திருந்த ஒரு பையன் அன்று முதல் ஆளாக நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். அந்தக் கடைசி சுழியைச் சுற்றி மூன்று வட்டம் போட்டிருந்தான்.

அடுத்து, 641ஐ ஆய்லர் எப்படித் தேடிப் பிடித்தார் என்று கேட்பார்கள். அந்த எண்ணுக்குக் காரணி இருந்தால் அது 64இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க வேண்டும் என்பதை அவர் கண்டுகொண்டார். அப்படி வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே சிக்கிவிட்டது. ஆயிரக்கணக்கான எண்களை வைத்து முட்டிக்கொண்டிருக்க வேண்டிய இடத்தில் ஐந்தே முயற்சி. 1878இல் லூக்காஸ், 64 வேண்டாம், 128இன் மடங்கே போதும் என்று காட்டினார். அதை வைத்து 6700417 பகா எண்தானா என்று பார்க்க 257, 641, 769, 1153, 1409 என்ற ஐந்து பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஒன்றும் வகுக்காது. அதுவும் பகா எண்.

வகுத்தலே செய்யாமல் 641 வகுக்கும் என்று காட்டும் வழியும் இருக்கிறது. பத்தாம் வகுப்பு மாணவருக்குக் காட்டக்கூடிய நிரூபணங்களில் இதைவிட அழகான ஒன்றை நான் கண்டதில்லை. மட்டு எண்கணிதம் பெருக்குத்தொடர் வரும் அதே இரண்டாம் பாடத்தில்தானே இருக்கிறது? 641ஐ இரண்டு விதமாக எழுதுங்கள். ஒன்று, 5 × 128 + 1. இன்னொன்று, 625 + 16. முதலாவது என்ன சொல்கிறது? 641ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ என்பது −1க்குச் சமம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1க்குச் சமம். இரண்டாவது சொல்வது: 5⁴ என்பது −2⁴க்குச் சமம். இதை அதில் போடுங்கள். −2³² என்பது 1க்குச் சமம். அப்படியானால் 2³² + 1க்கு மீதி சுழி. முடிந்தது. பத்து இலக்க எண்ணைத் தொடவே இல்லை.

ஆக நெல்மணி எண்ணின் முழு வடிவம்:

3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு பகா எண்கள், எல்லாமே ஒரு தடவைதான் வருகின்றன. இந்த எண்ணுக்கு மொத்தம் எத்தனை காரணிகள் என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பகா எண்ணையும் எடுக்கலாம் அல்லது விடலாம், ஏழு முறை இரண்டு வழி, 128. சதுரங்கப் பலகையின் எட்டாம் கட்டத்தில் எத்தனை நெல்லோ அத்தனை காரணி. ஏழு பேருக்குப் பங்கு வைத்தால்? 2³ஐ ஏழால் வகுத்தால் மீதி 1. ஆகவே 2⁶³க்கும் 1, 2⁶⁴க்கு 2, நம் எண்ணுக்கு 1. ஒரே ஒரு நெல்மணி மிஞ்சும். இலக்கங்களைக் கூட்டினால் 87 வரும். மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது. இவையெல்லாம் மனக்கணக்காகவே செய்யக்கூடியவை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அது வடிவியல். 641ஐயும் 6700417ஐயும் ஒதுக்கிவிட்டு மீதி ஐந்தை மட்டும் பெருக்கினால் 2³² − 1, அதாவது 4,29,49,67,295. கவராயமும் அளவு குறிக்காத அளவுகோலும் மட்டும் வைத்துக்கொண்டு சமபக்க முக்கோணம் வரையலாம், ஒழுங்கு ஐங்கோணம் வரையலாம்; யூக்ளிட் காலத்திலிருந்தே தெரியும். ஏழு பக்கம் முடியாது. பதினேழு பக்கம் முடியும் என்று 1796 மார்ச் 30 அன்று கண்டுபிடித்தவர் காஸ். அவருக்கு 19 வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது. எத்தனை பக்கமுள்ள ஒழுங்கு பலகோணங்களை அப்படி வரையலாம் என்ற விதியை 1801இல் நூலாகவே வெளியிட்டார். மற்றவற்றை வரையவே முடியாது என்ற மறுபாதியை 1837இல் வான்ட்செல் நிறுவினார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது ஃபெர்மாவின் பகா எண்களை ஒவ்வொன்றாக, திரும்ப வராமல் பெருக்கியதாக இருக்க வேண்டும். அந்தப் பகா எண்களில் இன்றுவரை தெரிந்தவை ஐந்தே ஐந்துதான். எல்லாம் நம் நெல்மணி எண்ணுக்குள்ளேயே இருக்கின்றன. ஜெர்மனியில் ஹெர்மெஸ் என்பவர் 65537 பக்கமுள்ள பலகோணத்தை வரையும் வழியை எழுத ஏறத்தாழ பத்து வருடம் செலவிட்டார். 1894இல் முடித்த அந்தக் கையெழுத்துப் படி கோட்டிங்கனில் பாதுகாக்கப்பட்டது. அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதைதான் வருகிறது.

வகுப்பில் இதைக் கையால் செய்து பார்க்கவும் ஒரு வழி உண்டு. வரைபடத் தாளில் பாஸ்கல் முக்கோணம் எழுதச் சொல்லுங்கள். நம் நாட்டில் பிங்கலரின் யாப்பு நூலுக்குப் பத்தாம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர் மேரு பிரஸ்தாரம் என்று விளக்கிய அதே முக்கோணம்தான். ஒற்றைப்படை எண் இருக்கும் இடத்தில் 1, இரட்டைப்படை எண் இருக்கும் இடத்தில் 0 என்று மாற்றி எழுதி, ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாகப் படிக்க வேண்டும். முதல் வரி 1. அடுத்தது 11, அதாவது 3. அடுத்தது 101, அதாவது 5. அதற்கடுத்து 1111, 15. பிறகு 10001, 17. அப்புறம் 51, 85, 255, 257. முப்பத்திரண்டு வரி எழுதினால் 4294967295இன் முப்பத்திரண்டு காரணிகளும் வரிசையாக வந்துவிடும், ஒன்றுகூட விடாமல். முதல் வரியான 1ஐ நீக்கினால், ஒற்றைப்படைப் பக்கங்களோடு வரைய முடியும் என்று தெரிந்த முப்பத்தொரு பலகோணங்களும் அதே தாளில். என் மாணவர்கள் ஒற்றைப்படைக் கட்டங்களுக்கு நீல மை தீட்டி, மற்றவற்றை ஒன்றும் தீட்டாமல் விட்டிருந்தார்கள். முக்கோணத்துக்குள் முக்கோணமாகக் கோலம் மாதிரி வந்தது. அந்தத் தாளை வகுப்புச் சுவரில் ஒட்டி வைத்திருந்தோம்.

கணினி பற்றி ஒரு வார்த்தை. 64 பிட் இடத்தில் குறி இல்லாமல் எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண் இதுவேதான்; அறுபத்து நான்கு இடத்திலும் 1. அதோடு ஒன்றைக் கூட்டினால், பழைய ஸ்கூட்டரில் கிலோமீட்டர் எண் 99999இலிருந்து 00000க்குத் திரும்புவது போல எல்லாம் சுழியாகிவிடும். பிள்ளைகளின் வீட்டில் இருக்கும் செல்போனைக் காட்டிச் சொன்னால் போதும்.

இனி உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். சிலபஸ் முடிக்கவே நாள் போதவில்லை. காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வு, தேர்ச்சி விழுக்காட்டுக் கூட்டம். இது பரீட்சையில் வராது. எல்லாம் எனக்குத் தெரியும். அந்தக் கூட்டங்களில் நானும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் பாடப்புத்தகத்தை ஒரு தடவை திறந்து பாருங்கள். எண்களும் தொடர்வரிசைகளும் என்ற ஒரே பாடத்தில் யூக்ளிடின் வகுத்தல் இருக்கிறது, பகா எண்களாகப் பிரிக்கும் அடிப்படைத் தேற்றம் இருக்கிறது, மட்டு எண்கணிதம் இருக்கிறது, பெருக்குத்தொடர் இருக்கிறது. தனித்தனிப் பயிற்சிகளாக நடத்தி முடிக்கும் இவை எல்லாம் இந்த ஓர் எண்ணிடம் வேலைக்கு வருகின்றன. பாடம் முடிந்தபின் திருப்புதலுக்கு என்று ஒதுக்கும் இரண்டு பீரியடை இதற்குக் கொடுங்கள். அதுவே திருப்புதல்தான். வேறு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

நேரம் இல்லாவிட்டால் ஒன்று மட்டும் செய்யுங்கள். 2⁶⁴ − 1 என்று எழுதிக் கட்டம் போடுவதற்குப் பதில், இருபது இலக்கத்தையும் முழுதாக எழுதிப் போடுங்கள். பலகையின் ஒரு மூலையில் ஒரு வாரம் அழிக்காமல் விடுங்கள். கேட்கிற பிள்ளை கேட்கும்.

இதையெல்லாம் செய்து முடித்து இன்னும் கேட்கும் பிள்ளைகள் வருடத்துக்கு ஒன்றிரண்டு வரும். அவர்களுக்குக் கொடுக்க ஒன்று வைத்திருக்கிறேன். நெல்மணி எண்ணோடு இரண்டைக் கூட்டுங்கள். 2⁶⁴ + 1. ஃபெர்மாவின் வரிசையில் அடுத்த எண் அது. ஏ ஸ்கொயர் மைனஸ் பி ஸ்கொயர் இங்கே உதவாது. ஆய்லர் 1783இல் காலமானார். அதற்குப் பிறகும் ஏறத்தாழ நூறு வருடம் அதன் காரணிகளை யாரும் வெளியிடவில்லை. 1880இல் லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் வெளியிட்டார். அப்போது அவருக்கு 82 வயது. 274177 × 67280421310721.

நான் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். போன வாரம் திண்ணையில் உட்கார்ந்து இந்தப் பெருக்கலைக் கையால் போட்டுப் பார்த்தேன். ஆறு வரி, பெருக்கியில் இரண்டு ஏழுகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் முதல் வரியும் இரண்டாம் வரியும் ஒரே எண், ஓர் இடம் மட்டும் தள்ளி நிற்கும். முதல் தடவை கூட்டியதில் நடுவே ஓர் இடத்தில் மீதி எடுத்துச் செல்ல விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் திரும்பக் கூட்டினேன். கடைசி மூன்று இலக்கம் 617 என்று வந்தது. ஒவ்வொன்றாக முன்னால் போனேன்: 51, 95, 70, 73, 40, 74, 46, 84, 1.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு கணக்கு ஆசிரியர்